நாற்பத்தெட்டு அழைப்புமணிகளும் ஒரு குட்டியண்ணையும்

நாற்பத்தெட்டு அழைப்புமணிகள். இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டேன். ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கண்ணாடித் தகட்டுக்குக் கீழே ஒரு சிறு காகிதத் துண்டு, அதில் ஒரு பெயர்.

நான் நின்றது ரொட்டர்டாம் நகரத்தின் தென்கரையில், ஒரு ஆறுமாடிக் கட்டடத்தின் வாசலில். புதன்கிழமை, காலை ஒன்பதரை மணி இருக்கும். ஆற்றுப் பக்கமிருந்து அடித்த காற்றில் தாரும் உப்பும் கலந்த வாசம். முதுகில் ஒரு சிறு பை, அது என்னுடையது. காலடியில் ஒரு பெரிய பை, அது பார்சல். கையில் அண்ணியின் எழுத்தில் ஒரு துண்டு. தெருவின் பெயர், கட்டடத்தின் இலக்கம், அதன் கீழே வடிவாக, அடிக்கோடு போட்டு, 'குட்டியண்ணை'.

நாற்பத்தெட்டுப் பெயர்களையும் மேலிருந்து கீழாக வாசித்தேன். பிறகு கீழிருந்து மேலாக. குட்டியண்ணை என்று ஒருவரும் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குட்டியண்ணையின் உண்மையான பெயர் எனக்குத் தெரியாது.

எங்கள் ஆட்களின் இரண்டு பெயர்

சிரிக்காதீர்கள். இதை வாசிக்கிற யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒருதரம் தங்கள் சொந்தக்காரரை நினைத்துப் பாருங்கள். சின்னராசா மாமா, பெரியதம்பி அண்ணை, கிளியக்கா, பேபி அன்ரி. இவர்களில் எத்தனை பேரின் பதிவுப் பெயர் உங்களுக்குத் தெரியும்?

பள்ளிக்கூடத்துக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் கடவுச்சீட்டுக்கும் ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர். வீட்டுப் பெயரோடுதான் நாங்கள் சாப்பிடுவோம், சண்டை பிடிப்போம், கலியாணங்களில் கூடுவோம். மற்றப் பெயர் தேவைப்படுவது கலியாணப் பதிவுக்கும் மரண அறிவித்தலுக்கும். மரண அறிவித்தலில்கூட அடைப்புக்குறிக்குள் வீட்டுப் பெயரைப் போடாவிட்டால் செத்தது யார் என்று ஒருவருக்கும் விளங்காது.

எனக்கும் அப்படித்தான். வீட்டில் நான் பபி. இருபத்தொரு வயதுக்குப் பிறகும் பபிதான். யோகாம்பிகை என்ற என் பெயர் கல்லூரிப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. விரிவுரையாளர்கள் அதையும் வெட்டி 'யோகா' ஆக்கிவிட்டார்கள்.

குட்டியண்ணை அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காவின் மகன். எங்களுக்கு அண்ணன் முறை. கலியாணம் முடித்து மனைவியோடு ஒல்லாந்தில் இருந்தார். மாதத்துக்கு ஒருதரம் தெருப் பெட்டியிலிருந்து லண்டனில் இருந்த எங்களுக்குப் போன் எடுப்பார். நாங்கள் அவருக்கு எடுத்ததும் இல்லை, கடிதம் போட்டதும் இல்லை. ஆகவே பெயர் தேவைப்படவே இல்லை. கடைசியாக எடுத்தபோது நான் வரும் நாளைக் கேட்டுக்கொண்டு அண்ணிக்கு விலாசம் சொல்லியிருக்கிறார். தெருவும் கட்டட இலக்கமும் சொல்லி, வீட்டு இலக்கம் சொல்ல வாய் திறந்த நேரம் போட்ட காசு முடிந்துவிட்டது.

அண்ணி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கட்டடத்துக்குப் போய்க் கேட்டால் காட்டமாட்டார்களா என்றார். எங்கள் ஊரில் ஒழுங்கை முகப்பில் நின்று கேட்டால் போதும். அதே ஞாபகத்தில் சொல்லியிருக்கிறார்.

செத்த துறைமுகத்துக்கு ஆசைப்பட்டவள்

எனக்கு ஒல்லாந்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கவேண்டும்.

நான் அப்போது கிழக்கு லண்டனில் ஒரு பொலிடெக்னிக்கில் நகரத் திட்டமிடல் படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகள் தொடங்கிய வேளை. நாங்கள் இருந்தது பிளேஸ்டோவில், அண்ணையும் அண்ணியும் நானும். வீட்டிலிருந்து தெற்கே அரை மணித்தியாலம் நடந்தால் மூடிக்கிடந்த லண்டன் துறைமுகக் குளங்கள் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் வேலிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவ்வளவு பெரிய தண்ணீர், ஒரு கப்பல் இல்லை. துருப்பிடித்த பாரந்தூக்கிகள். தண்டவாளத்துக்கு நடுவே ஆளுயரப் பூண்டு.

அண்ணிக்கு இது விளங்கவே இல்லை. ஈஸ்ட் ஹாமில் கடை கடையாகச் சேலை தொங்கும்போது இந்தப் பிள்ளை ஏன் பாழ்பட்ட இடத்தைப் பார்க்க ஓடுகிறாள் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். எனக்கு அது பாழாகத் தெரியவில்லை. இனி இதில் என்ன வரும், யார் வருவார்கள் என்று யோசிக்க யோசிக்க நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆசைதான், வேறென்ன.

லண்டன் குளங்களைச் சுற்றிக் கண்ணாடிக் கோபுரங்கள் முளைக்கத் தொடங்கிவிட்டன. ரொட்டர்டாமில் பழைய துறைமுகம் இன்னும் அப்படியே கிடக்கிறது, இடிக்க முதல் போய்ப் பார் என்று என் விரிவுரையாளர் சொன்னார். கடைசி வருட ஆய்வுக்கு இரண்டு துறைமுகங்களையும் ஒப்பிட்டு எழுதலாம். கல்லூரி பயணச் செலவுக்கு ஒரு சிறு தொகை தரும். கப்பலுக்கும் ரயிலுக்கும் அது சரி. தங்குவதற்குச் சதம் மிஞ்சாது.

அங்கேதான் குட்டியண்ணை உள்ளே வந்தார்.

என் அண்ணை ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்து என்னைப் படிப்பித்தவர். அதிகம் பேசமாட்டார். நான் கேட்டதும் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"போ. அஞ்சு நாள். ஆனா முதல் நாள் பின்னேரம் ஆறு மணிக்கு எனக்குப் போன் வரவேணும். குட்டியண்ணையாக்கள் பக்கத்திலை நிண்டு கதைக்கவேணும். தெருவிலை நிக்கிறாய் எண்டு தெரிஞ்சால் அண்டைக்கு இரவுக் கப்பலிலையே ஏறி வந்திடவேணும். சரியோ?"

ஓம் என்று தலையாட்டினேன். அப்போது எதற்கும் தலையாட்டியிருப்பேன்.

செய்தி வெளியே போனதுதான் தாமதம், பார்சல்கள் வரத் தொடங்கின. எங்கள் ஆட்களில் ஒருவர் கடல் கடக்கிறார் என்றால் அவர் கையில் ஏதாவது கொடுத்துவிடாமல் இருப்பது பெரிய குற்றம். வறுத்து இடித்த மிளகாய்த்தூள் நாலு கிலோ, முறுக்கு, பருத்தித்துறை வடை, ஆறு படக் கசெட்டுகள். என்னுடைய உடுப்பு, வரைதாள், கமரா எல்லாம் சேர்த்தும் பார்சலின் அரைவாசிப் பாரம் வரவில்லை.

இப்போது நாற்பத்தெட்டு மணிகளுக்கு முன்னால் நிற்கும்போது என் நிலைமை உங்களுக்கு விளங்கியிருக்கும். பின்னேரம் ஆறு மணிக்குள் குட்டியண்ணையைக் கண்டுபிடிக்காவிட்டால் இரவுக் கப்பல். இரவுக் கப்பல் என்றால் ஆய்வு இல்லை. ஆய்வு இல்லை என்பதுகூடப் பெரிதில்லை. பபியைத் தனியாக விடமுடியாது என்று வீட்டில் ஒருதரம் முடிவாகிவிட்டால் அது பிறகு எத்தனை வருடமானாலும் மாறாது.

அண்ணைக்குப் போன் எடுத்துப் பெயரைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எடுத்தால் தெருவில் நிற்கிறேன் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதைவிட, அவருக்கும் பெயர் தெரியாது.

தும்மிய நாய்

எங்கள் ஆட்களுடையதுபோல நீளமாக இருந்த இரண்டு பெயர்களைத் தெரிந்தெடுத்து அமத்தினேன். பதில் இல்லை. வேறு மூன்றை அமத்தினேன். ஒன்றிலிருந்து நித்திரை குழம்பிய ஒரு ஆண் குரல் ஒல்லாந்து மொழியில் நீளமாக ஏதோ சொன்னது. பாராட்டு இல்லை என்று மட்டும் விளங்கியது. அதற்குமேல் அமத்தக் கூச்சமாகப் போய்விட்டது.

அந்த நேரம் கதவைத் திறந்துகொண்டு ஒரு கிழவர் நாயோடு வந்தார். நல்ல ஆங்கிலம் பேசினார். இலங்கை ஆட்கள் இங்கே இருக்கிறார்களா என்றேன். மேலே மூன்று நாலு குடும்பம் இருக்கிறது, கறி வாசத்தில் தெரியும், ஆனால் எந்த வீடு என்று தெரியாது, எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றார். பெயர் என்ன என்று கேட்டார். நான் குட்டியண்ணை என்றேன். அவர் பலகையைப் பார்த்தார். நாய் பார்சலை மணந்து பார்த்தது. பிறகு மூன்று தரம் தும்மியது.

கிழவர் சிரித்துவிட்டார். துறைமுகத்தில் முப்பது வருடம் மூட்டை இறக்கியவராம். மிளகு, கறுவா, கோப்பி எல்லாம் அந்த மூக்குக்குப் பழக்கம். பையை மணந்து பார்த்துவிட்டு இது முதல்தரமான சரக்கு என்றார். கீழே பூட்டுப் போட்ட சைக்கிள் அறை இருக்கிறது, வேண்டுமென்றால் பையை அங்கே வைத்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார்.

எங்கே பார்க்கப் போகிறாய் என்று கேட்டார். பழைய துறைமுகம் என்றேன். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

வாசலில் உட்கார்ந்து காத்திருப்பதுதான் புத்தியுள்ள பிள்ளை செய்யும் வேலை. நான் ஒரு பெரிய வரைதாளை எடுத்தேன். துறைமுகத்தின் வரைபடம் கீறவென்று கொண்டுவந்த நல்ல தடித்த தாள். அதில் கறுப்புப் பேனையால் கொட்டை எழுத்தில் எழுதினேன்:

'குட்டியண்ணைக்கு. நான் பபி. லண்டன், பிளேஸ்டோ. காலமை வந்திட்டன். உங்கடை வீட்டு இலக்கம் தெரியாது. பார்சல் சைக்கிள் அறையிலை இருக்குது. தூள்ப்பை, சரிச்சு வைக்கவேண்டாம். நான் துறைமுகம் பாக்கப் போறன். ஆறு மணிக்கு முன்னம் வந்திடுவன். பயப்பட வேண்டாம்.'

நாற்பத்தெட்டு மணிகளுக்கு மேலே, எல்லோருக்கும் தெரியும்படி, அதை ஒட்டினேன். அந்தத் தெருவில் அதை வாசிக்கத் தெரிந்தவன் வந்தால் அவன் எங்களுக்குத் தெரிந்தவனாகத்தான் இருப்பான். அந்த நம்பிக்கையில் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தேன்.

உயர்ந்த பாலம், மரப்படி, பயற்றங்காய்

அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, சந்தோசத்தில்.

இரண்டு தெரு தாண்டியதும் நகரம் முடிந்துவிட்டது. முன்னால் தண்ணீர். அதைச் சுற்றி வரிசையாகச் செங்கல் பண்டகசாலைகள். யன்னல் கண்ணாடி உடைந்து, உள்ளே புறாக்கள். சுவரில் பழைய எழுத்துகள் அரைவாசி அழிந்து கிடந்தன. தண்டவாளத்துக்கு நடுவே மஞ்சள் பூ. அதே பூண்டு, லண்டனில் நான் வேலிக்குள்ளால் பார்த்த அதே சாதி. இங்கே வேலி இல்லை. நேரே போய்க் கையால் தொட்டேன்.

ஒரு பெரிய கப்பல் கம்பனியின் கட்டடம் மூடிக்கிடந்தது. ஒருகாலத்தில் ஐரோப்பாவின் ஏழைச் சனமெல்லாம் பெட்டியோடு வந்து இதன் வாசலில் நின்றுதான் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்களாம். படியில் உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டேன். அண்ணி கட்டித் தந்தது. இந்தப் படியில் எங்கள் ஆட்களைப்போல எத்தனை பேர் பார்சலோடு இருந்திருப்பார்கள் என்று யோசித்தேன். அவர்கள் கையிலும் யாரோ ஒரு குட்டியண்ணையின் விலாசம் இருந்திருக்கும்.

அப்போது மணி அடித்தது. நிமிர்ந்து பார்த்தால், எதிரே ரயில் பாலத்தின் நடுத்துண்டு அப்படியே தண்டவாளத்தோடு மேலே போகிறது. இரண்டு இரும்புக் கோபுரங்களுக்கு நடுவே, லிப்ட் போல, சத்தமில்லாமல். அடியில் ஒரு தட்டையான படகு, அதில் காயப்போட்ட உடுப்புகளும் ஒரு குழந்தையின் சைக்கிளும். படகு போனதும் பாலம் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அதற்குமேலே ரயில் போனது. நான் வாய் திறந்தபடி நின்றேன். படம் எடுக்க மறந்துபோனேன். அடுத்த தரம் உயரும்வரை முக்கால் மணித்தியாலம் காத்து நின்று எடுத்தேன்.

காசு கொடுக்காமல் பார்க்கக்கூடியதெல்லாம் எனக்கு அற்புதமாகப் பட்டது. ஆற்றுக்கு அடியால் நடந்துபோக ஒரு சுரங்கம் இருந்தது. எங்கள் லண்டன் வூல்விச் சுரங்கத்தைப் போன்றதுதான், வெள்ளை ஓடு பதித்த சுவர். ஆனால் இங்கே இறங்குவதற்கு மரத்தால் செய்த ஓடும் படிகள். கடகடவென்று வண்டில் சத்தத்தோடு இறங்குகின்றன. அதில் சனம் சைக்கிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் அப்பிள் கடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் மூன்று தரம் ஏறி இறங்கினேன். மூன்றாம் தரம் என்னோடு இறங்கிய ஒரு பெண் ஏதாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்டாள்.

மத்தியானத்துக்குமேல் பசித்தது. குட்டியண்ணையின் கட்டடத்துக்குக் கிட்ட ஒரு சதுக்கத்தில் சந்தை கூடியிருந்தது. மலிவாக ஒரு சுருள் சிப்ஸ் வாங்கினேன். அதற்குமேலே கச்சான் கடலை அரைத்த சோஸ் ஊற்றித் தந்தார்கள். சிப்ஸுக்குமேல் கச்சான். முதலில் முகத்தைச் சுழித்தேன், பிறகு விரலை நக்கினேன்.

அடுத்த கடையில் கண்ட காட்சியை நம்ப முடியவில்லை. முழ நீளத்தில், பச்சைப் பசேலென்று, கட்டுக் கட்டாகப் பயற்றங்காய். பக்கத்தில் முருங்கைக்காய், கத்தரிக்காய், மரவள்ளி. லண்டனில் வெள்ளிக்கிழமை விமானத்தில் வந்து வாடிப்போன முருங்கைக்காயைப் பொன்போலப் பொத்திக்கொண்டு போவோம். இங்கே குவித்து வைத்திருக்கிறார்கள். சூரினாமிலிருந்து வந்த, இந்திய வம்சாவளியான அந்தக் கடைக்காரி என்னைப் பார்த்ததும் தன் சனம் என்று நினைத்துத் தன் பாசையில் பேசினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இரண்டு பேரும் முருங்கைக்காயைக் காட்டிக் காட்டிச் சிரித்தோம். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக்கூடாது என்று பயற்றங்காயில் ஒரு கட்டு வாங்கினேன்.

எந்த வீட்டுக்கு என்று அப்போதும் எனக்குத் தெரியாது.

வாசலில் பதில்கள்

கட்டடத்தை நெருங்கும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது. நடை தானாகவே குறைந்தது. காலையிலிருந்து மறந்திருந்த பயம் முழுவதும் சேர்ந்து வந்தது. தாளை யாராவது கிழித்திருந்தால்? யாரும் வாசிக்காவிட்டால்? இரவுக் கப்பலுக்கு எத்தனை மணிக்கு ரயில் எடுக்கவேண்டும் என்றுகூடக் கணக்குப் போட்டுவிட்டேன்.

தாள் அங்கேயே இருந்தது. ஆனால் நான் எழுதியதுபோல் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். என் எழுத்துக்குக் கீழே வேறு எழுத்துகள். தமிழில்.

நீலப் பேனையால் ஒருவர்: 'எந்தக் குட்டி?'

அதற்குக் கீழே பென்சிலால் இன்னொருவர்: 'நீர் எந்த ஊர்?'

கடைசியில் சிவப்பில், அவசரமாக: 'பிள்ளை, நாலாம் மாடி, நீலக் கதவு. கெதியா வாரும். சோறு ஆறுது.'

நான் அந்த வாசலில் நின்று சத்தமாகச் சிரித்தேன். கண்ணும் கலங்கியது. உலகத்தின் எந்த மூலையில் எங்கள் ஆட்களுக்கு எழுதிக் கேட்டாலும் முதல் பதில் இன்னொரு கேள்வியாகத்தான் இருக்கும். கடைசிப் பதில் சாப்பாடாக இருக்கும்.

நாலாம் மாடியில் நீலக் கதவு திறந்தே இருந்தது. பவளக்கா என்று பிறகு நான் கூப்பிட்டுப் பழகியவர் இடுப்பில் கையை வைத்தபடி நின்றார். நாற்பது வயதிருக்கும், கண்ணாடி போட்ட, கட்டையான மனிசி. குட்டியண்ணையின் பக்கத்து வீடு. தக்காளித் தோட்ட வேலைக்கு ஆளேற்றும் வான் அன்றைக்கென்று நேரத்தோடு வந்துவிட்டதாம். குட்டியண்ணையும் மனைவியும் வீட்டுத் திறப்பை இவரிடம் கொடுத்து, லண்டனிலிருந்து ஒரு பிள்ளை வரும், ஏழு மணிவரை பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கிறார்கள்.

"பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலை விடப் முக்கால் மணித்தியாலம் வெளிய போனனான். அதுக்குள்ளை நீர் வந்திட்டுப் போட்டீர். மத்தியானம் வரைக்கும் யன்னலுக்காலை பாத்துக்கொண்டு நிண்டன். கறி ரண்டு தரம் சூடாக்கினனான்."

நான் காலையில் அமத்திய நீளப் பெயர்களில் ஒன்று இவருடையதுதான். மன்னிப்புக் கேட்டுப் பயற்றங்காயை நீட்டினேன். வாங்கி ஒன்றை முறித்துப் பார்த்து, முற்றல் இல்லை என்று ஒப்புக்கொண்டார். கோபம் கொஞ்சம் இறங்கியது. சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்தபிறகு மெதுவாகச் சொன்னார்.

"உம்மடை அண்ணைக்கு மத்தியானமே எடுத்துச் சொல்லிப்போட்டன். குட்டி நம்பர் தந்திட்டுப் போனவர். பிள்ளையைக் காணேல்லை, இப்பிடி ஒரு நோட்டீஸ்தான் கிடக்குது எண்டு. அதை முழுக்க வாசிச்சும் காட்டினனான்."

கையில் எடுத்த சோற்றைக் கோப்பையிலேயே திரும்ப வைத்தேன்.

மத்தியானம் பன்னிரண்டிலிருந்து அண்ணைக்குத் தெரியும். நான் மரப்படியில் மூன்று தரம் ஏறி இறங்கியபோது, கச்சான் சோஸை நக்கியபோது, அண்ணை பிளேஸ்டோவில் போனுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார். இரவு ஷிப்டுக்கு நித்திரை கொள்ளவேண்டிய நேரம். எனக்கு என்மேல் வெட்கமாக இருந்தது. அதோடு, உள்ளதைச் சொல்லவேண்டும், இரவுக் கப்பலை நினைத்து அழுகையும் வந்தது. அந்தப் பாலத்தை நான் இன்னும் கீறவில்லை.

ஆறு மணி

பவளக்கா தன் போனைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். சரியாக ஆறு மணிக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே அண்ணை எடுத்தார்.

நான் பபி என்றேன். காலையிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நாற்பத்தெட்டு மணி, நாய், பாலம், சுரங்கம். பொய் சொல்லக் கொஞ்சம் ஆசை இருந்தது. ஆனால் அந்த நோட்டீஸை அவர் கேட்டாயிற்று, இனி என்ன பொய் எடுபடும். கடைசியில், இரவுக் கப்பலுக்கு வெளிக்கிடுகிறேன் என்று நானே சொன்னேன்.

மறுமுனையில் அண்ணை கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது.

"பயப்பட வேண்டாம் எண்டு எழுதினியாம்," என்றார்.

"ஓம் அண்ணை."

"நான் முதல் முதல் வந்த நேரம் ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷன் வாசலிலை ரண்டு நாள் நிண்டனான். உனக்குச் சொல்லேல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போக இருந்த ஆள் ராசன் அண்ணை எண்டதுதான் தெரியும். விலாசம் எழுதின துண்டு வழியிலை துலைஞ்சுபோச்சு. போற வாற தமிழ் முகம் எல்லாத்தையும் பாத்துக்கொண்டே நிண்டன். ஒராளைக்கூடக் கேக்கேல்லை. வெக்கம். ரண்டாம் நாள் அவராக் கண்டுதான் கூட்டிக்கொண்டு போனவர்."

பவளக்கா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"எனக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டுவம் எண்டு தோன்றேல்லை, பபி," என்றார் அண்ணை. "நில். அஞ்சு நாளும் நிண்டு வடிவாப் பாத்திட்டு வா."

பிறகு பவளக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். அவர்கள் இரண்டு பேரும் பத்து நிமிடம் எந்த ஊர், எந்த ஒழுங்கை என்று கதைத்தார்கள். ஏழு மணிக்குக் குட்டியண்ணையும் மனைவியும் தக்காளி இலை வாசத்தோடு வந்தபோது நான் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

மிச்ச நாலு நாளும் விடிந்தால் துறைமுகம்தான். அந்த நோட்டீஸின் மறுபக்கத்தில்தான் வரைபடத்தைக் கீறினேன், என்னிடம் வேறு நல்ல தாள் இருக்கவில்லை. ஆய்வுக்கு நல்ல புள்ளி கிடைத்தது. நான் கீறிய பாலத்தின் பின்பக்கம் இப்போதும் 'எந்தக் குட்டி?' என்று இருக்கிறது. குட்டியண்ணையின் பதிவுப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டுதான் வந்தேன். அந்தத் துண்டையும் தொலைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை கப்பல் பயணிகளை ஏற்றிவந்த ரயில் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் வந்து நின்றது. யாரும் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் தடுப்புக்கு அப்பால், வேலை உடுப்போடு, இரவு ஷிப்ட் முடிந்து நேரே வந்த கண்களோடு அண்ணை நின்றார். விமான நிலையங்களில் பிடிப்பார்களே, அப்படி ஒரு மட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார். எண்ணெய்ப் பெட்டியில் வெட்டிய மட்டை.

அதில் என் பெயர் தமிழில் பெரிய எழுத்தில் இருந்தது. பபி அல்ல, யோகாம்பிகை. அண்ணையின் கையெழுத்தில் அந்தப் பெயரை நான் அதற்கு முதல் கண்டதில்லை. அதற்குக் கீழே சின்னதாக இன்னொரு வரி.

'பயப்பட வேண்டாம்.'

அவ்வளவு சனத்துக்கு நடுவே அண்ணை சிரிக்காமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.